மிதி மெஷினுக்கு நாலு ஓட்டு

நான்கு சீட்டுகளையும் பிரித்து எண்ணினேன். 'நிறுத்தலாம்' இரண்டு. 'வேண்டாம்' இரண்டு.

இயக்குநர் குழுவின் செயலாளர் நான். எண்ணுவதும் எழுதுவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான் என் வேலை.

மிதி தையல் மெஷின் தயாரிப்பதை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினுக்கு மாறலாமா? இதுதான் கேள்வி. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சேர்மனின் தங்கை. மாறாவிட்டால் இரண்டே வருடத்தில் கம்பெனி இருக்காது என்று ஒரு மணி நேரம் புட்டுப்புட்டு வைத்தார்.

குழுவிலிருந்த வக்கீலும் இன்ஜினியரும் தலையாட்டினார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மட்டும் ஆட்டவில்லை. இன்னும் செல்போனுக்கே மாறாத மனிதர் அவர்.

சேர்மன் பிடித்த முயலுக்கோ எப்போதும் மூன்றே கால். அந்த மெஷின் அவர் கையால் உருவானது. முதல் மிதிகட்டையை, பதினைந்து வயதுத் தங்கையின் பாதத்தை அளந்துதான் அறுத்தார்.

போன வருடம், மெஷினின் கறுப்பை நீலமாக்க அவரை மீறித் தீர்மானம் நிறைவேறியது. ஒன்பது நாள் ஆபீஸ் பக்கமே தலைகாட்டவில்லை.

இந்த முறையும் மீறினால் திரும்பியே வரமாட்டார். அவர் இல்லாத கம்பெனியை நினைத்துப் பார்க்க எங்களில் யாருக்கும் மனசில்லை.

முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடக் கூடாதென்று சீட்டு முறையைக் கொண்டுவந்ததே அவர்தான். சேர்மனுக்கும் எனக்கும் ஓட்டுக் கிடையாது. சமமாக வந்தால் மட்டும் அவர் சொல்வதே முடிவு.

சமம் என்று அறிவித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். தங்கை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சேர்மன், நிறுத்திவிடலாம் என்றார். எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அதற்குப் பதிலாக, அவர் சொன்னதைக் குறிப்பில் எழுதினேன்.

ஐந்தே நிமிடத்தில் பழைய ஆளாகிவிட்டார். கதவருகே தங்கையின் தோளைத் தட்டினார்.

"பாத்தியா, நான் மட்டும் கை கொடுக்கலன்னா இன்னிக்கு நீ தோத்திருப்பே!"

"ஆமாண்ணா."

புது மெஷினின் வரைபடத்தைத் தங்கையிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, பட்டறைப் பக்கம் நடந்தார். அதில் ஏற்கெனவே இரண்டு தப்புக் கண்டுபிடித்திருந்தார்.

சீட்டுகளை உறையிலிட்டு ஒட்டினேன். எண்ணும்போதே கண்ணில் பட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு 'வேண்டாம்'களில் ஒன்று, தங்கை மட்டுமே எழுதும் பச்சை மையில் இருந்தது.

அவர் 'நிறுத்தலாம்' என்று எழுதியிருந்தால் மூன்றுக்கு ஒன்று. அண்ணனைக் கேட்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.