கம்பம் பிடுங்கிய அன்று

மணி நாலு ஐந்து.

அவன் கல்லாவை விட்டு எழுந்து பேக்கரி வாசலுக்கு வந்தான்.

நேற்று வரை சாலையோரம் இடுப்பளவுக்குக் கம்பங்கள் நின்றன. கம்பங்களுக்கு இந்தப் பக்கம், பச்சை பெயின்ட் அடித்த சைக்கிள் பாதை.

கார் நிறுத்த இடமில்லை, வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து அவனுடையது.

இன்று பத்து மணிக்கு மாநகராட்சி ஆட்கள் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் எத்தனை கார்! ஒவ்வொன்றையும் அவனே கைகாட்டி ஏற்றினான்.

"வாங்க சார், இங்கயே விடுங்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போதும் ஒரு வெள்ளைக் கார் பச்சையை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. கார்க்காரர் எதிரே உள்ள வங்கிக்குப் போயிருக்கிறார்.

நாலு மணிக்குப் பள்ளி விடும். அவன் மகள் மெர்லின் சைக்கிளில் வருவாள். ஏழாம் வகுப்பு.

அடப்பாவி, இது ஏன் காலையிலேயே தோன்றவில்லை? புத்தி புல் மேயப் போயிருந்ததா?

ஓட்டப் பழக்கியதும் அவன்தான். பச்சையிலேயே வா, பின்னால் திரும்பிப் பார்க்காதே, சைக்கிள் ஆடிவிடும் என்று தினமும் சொல்லி அனுப்பினான்.

சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை.

வளைவில் தெரிந்தாள். முதுகில் பை. குனிந்த தலை. பத்தடி பின்னால் பஸ்.

"மெர்லின்!"

தொண்டையில் காற்றுதான் வந்தது.

காரை நெருங்கியவள் ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தாள். பின்னால் பார்க்கவில்லை.

அவன் ஓடினான்.

அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பிரேக் கிறீச்சிட்டது. எஞ்சின் சூடு நெஞ்சில் அடித்தது.

"யோவ்! வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

மெர்லின் காரைச் சுற்றிப்போய் மறுபடி பச்சையில் ஏறியிருந்தாள். பெடலை மிதித்தபடி போய்க்கொண்டிருந்தாள். எதுவும் தெரியாது அவளுக்கு.

போன உயிர் திரும்பி வந்தது.

ஹாரன்கள். பஸ்ஸுக்குப் பின்னால் தெருவே நின்றுவிட்டது.

"நகருய்யா!"

நகரத்தான் பார்த்தான். அப்போது பஸ்ஸுக்கு இடப்பக்கமாக இன்னொரு சைக்கிள் வந்தது. அதன் பின்னால் இரண்டு. வளைவில் இன்னும் நிறைய, அதே சீருடையில்.

யார் பெற்ற பிள்ளைகளோ.

அவனால் கையை இறக்க முடியவில்லை.