முதுகின்மேல் பத்து கிலோ

எட்டு மாதங்களுக்கு முன் கபடிப் பயிற்சியில் ஜெபசெல்வி பிடித்த பிடியில்தான் இசக்கியம்மாளின் முதுகெலும்பு விரிசல் விட்டது. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இன்று முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல் நீட்டியிருந்த இசக்கியம்மாளின் முதுகில் பத்து கிலோ எடையுள்ள இரும்புத் தட்டை வைக்கும்படி பயிற்சியாளர் ஜெபசெல்வியிடமே சொன்னார். "இடுப்பு தொய்ஞ்சா உடனே எடுத்துரணும்."

தட்டு முதுகைத் தொட்டது. ஆனால் சுமை இறங்கவேயில்லை.

"கைய எடுட்டி."

"வேண்டாம்ளா, பயமா இருக்கு."

"நீயே தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தா நான் எப்பதான் தாங்குறது?"

அந்தக் கை விரல் விரலாக விலகியது. பத்து கிலோவும் முதுகில் உட்கார்ந்தது. இசக்கியம்மாள் வயிற்றை இறுக்கிக்கொண்டு மூச்சைச் சீராக விட்டாள். ஜெபசெல்வி வினாடிகளை எண்ணினாள். இருபத்தாறில் இடுப்பு சற்றே தொய்ந்தது. இசக்கியம்மாள் வாய் திறக்குமுன் தட்டு மேலே போய்விட்டது.

அவள் தரையில் கன்னம் பதியக் கிடந்தாள். "இன்னும் தாங்கியிருப்பேன்."

"தெரியும்ளா," என்ற ஜெபசெல்வி தட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

மூச்சு அடங்கியதும் இசக்கியம்மாள் மறுபடி முழங்கைகளை ஊன்றினாள்.

"வை."