சண்டை போடாத ராணி

"பன்னெண்டாயிரத்து நானூத்தி அறுபது பொற்காசு! எப்போ குடுக்கப்போறீங்கக்கா?"

தபரேஸ் போட்ட சத்தத்தில் பஸ்ஸே சிரித்தது.

"உசுரோட இருந்தா குடுக்கிறேன் தம்பி. இப்போ இன்னும் ஒரு ரெண்டாயிரம் குடு. என் ஊரு கைய விட்டுப் போவுது" என்றாள் பூர்ணிமா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிஜக் காசு இல்லை, போனுக்குள் இருக்கிற காசு. ஷூ கம்பெனியில் பூர்ணிமா தையல் லைன், தபரேஸ் கட்டிங். ஆளுக்கொரு ராஜ்யம் வைத்துக்கொண்டு ஆடுகிற விளையாட்டு அது. படை அனுப்பியும் அடுத்தவன் ஊரைப் பிடிக்கலாம், அனுப்பாமலும் பிடிக்கலாம். நம் ஊரில் கச்சேரி, திருவிழா, பள்ளிக்கூடம், நல்ல சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொண்டே போனால், பக்கத்து ராஜ்யத்து ஜனங்களின் மனசு கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் சாயும். முழுசாகச் சாய்ந்துவிட்டால் அந்த ஊரின் கொடி தானாகவே மாறிவிடும். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இந்த வித்தையைத் தபரேஸுக்குச் சொல்லிக் கொடுத்ததே பூர்ணிமாதான். இப்போது அதை வைத்தே அவளை மடக்கிக்கொண்டிருந்தான் அவன்.

விளையாட்டு சின்னதுதான். அதன் மேல் கட்டிய பந்தயம்தான் பெரிசு.

ஒடுகத்தூர் பக்கம் கம்பெனி விட்டிருப்பது ரெண்டு பஸ். நாலாம் நம்பர் மெயின் ரோட்டில் போகும். ஏழாம் நம்பர் ஏரிக்கரை வழியாக பூர்ணிமாவின் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். டீசல் கட்டுப்படியாகவில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலையை எண்ணி, ஆள் கம்மியான பஸ்ஸை நிறுத்திவிடுவோம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தபரேஸும் அவன் ஆட்களும் ஒடுகத்தூர்க்காரர்கள், கடைசி ஸ்டாப். எதில் ஏறினாலும் அவர்களுக்கு வீடு வந்துவிடும். ஆனாலும் நாலாம் நம்பரில் சீட்டு புதுசு, பாட்டு வேறு. அதனால் அதில் முப்பத்தேழு பேர். ஏழில் பூர்ணிமா ஊர்ப் பெண்கள் பதினாலே பேர். அது நின்றுபோனால் மெயின் ரோட்டில் இறங்கி நாலு கிலோமீட்டர் நடக்கணும். நாளெல்லாம் மெஷின் மிதித்த காலோடு யார் நடப்பது? பாதிப் பேர் வேலையை விட்டுவிடுவார்கள்.

பந்தயத்தை ஆரம்பித்தவளும் பூர்ணிமாதான். "நான் ஜெயிச்சா உங்காளுங்க எங்க பஸ்ல ஏறணும். நீ ஜெயிச்சா நாங்க உங்க பஸ்ல."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"சாயுது! ஊரு சாயுது!" கட்டிங் ஆட்கள் சீட்டின் மேலேயே ஏறி நின்றார்கள். அவித்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலம் ஒன்று கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது.

"பாய், இன்னொரு கச்சேரி வையுங்க பாய்!"

"கம்முனு இருடா. அக்கா மறுபடி திருவிழா போடுறாங்க பாரு!"

பக்கத்தில் இருந்த கெங்கம்மாள் பூர்ணிமாவின் விலாவில் இடித்தாள். அவளும் அதே ஊர், அதே தையல் லைன். "இன்னாடி பண்ற நீ? திங்கக்கிழமை பதினோரு ஊரு வச்சிருந்த, இப்போ ரெண்டுதான் கீது. அவன் கிட்டயே கடன் வாங்கி அவன் கிட்டயே தோக்கிற. நாலு கிலோமீட்டர் நடக்க உனக்கு வயசு கீது. என் முட்டி கேக்குமா?"

"சும்மா இருங்க பெரிம்மா. ஆட்டம் இன்னும் முடியல."

"இந்தாங்க ரெண்டாயிரம்" என்றான் தபரேஸ், நிஜ ராஜா மாதிரி கையை வீசி. "அழுவாதீங்க. எம்மாம் வேணாலும் கேளுங்க."

காசு விழுந்ததும் பூர்ணிமா தேர் விட்டாள், வாணவேடிக்கை விட்டாள். சாய்ந்துகொண்டிருந்த ஊர் நிமிர்ந்தது. "அய்யய்யோ!" என்று மொத்தக் கூட்டமும் தலையில் கை வைத்தது. தபரேஸ் உடனே நாலு கச்சேரி வைத்தான். ஊர் மறுபடி சாய்ந்தது. சீட்டின் மேல் நின்றவர்கள் குதித்தார்கள்.

யாரோ கூட்டத்துக்குள் நுழைந்து ஒவ்வொருவர் தோளாகத் தட்டிக்கொண்டே வந்தார்கள்.

"யாருப்பா அது, மறைக்காத! பேஜார் பண்ணாத!" தபரேஸ் திரும்பிப் பார்க்காமலே அந்தக் கையைத் தள்ளிவிட்டான்.

வண்டி உறுமிக் கிளம்பி, கேட்டைத் தாண்டியதும் ரோட்டு நெரிசலில் நின்றது.

"ஒண்ணு விழுந்துச்சு! இனிமே தலைநகரம்தான்க்கா பாக்கி! கடன் வேணுமா? மூவாயிரம் தரட்டா?"

பூர்ணிமா முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "போதும் தம்பி."

"இன்னாக்கா, பயந்துட்டீங்களா?"

"இல்ல தம்பி. போதும்."

தலைநகரத்துக் கொடி மாறியது. 'இரு அரசுகளும் ஒன்றாயின. கடன் முழுவதும் தள்ளுபடி' என்று எழுத்து மின்னியது. விசில் காதைப் பிளந்தது. ரெண்டு பேர் தபரேஸைத் தூக்கினார்கள். தலை கூரையில் இடித்தும் அவன் சிரிப்பு நிற்கவில்லை.

கெங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினாலு பேரும் எங்க பஸ்லதான் வரணும்! பேச்சு மாறக் கூடாதுக்கா!"

"மாற மாட்டோம் தம்பி. உங்க பஸ்ஸு எங்க நிக்குதுன்னு பாரு."

தபரேஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தான். கேட்டுக்குள் நாலாம் நம்பர் காலியாக நின்றிருந்தது. டிரைவர் ஜான்சன் மட்டும் ஸ்டீயரிங் மேல் தாடையை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆபீஸ் அப்துல் ஹமீத் அதன் நம்பர் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை ஆட்டம் பாக்க ரெண்டு பேரு வந்தீங்க, இன்னிக்கு முப்பத்தேழு பேரும் வந்துட்டீங்க" என்றாள் பூர்ணிமா. "இந்த ஏழாம் நம்பர்ல மொத்தம் அம்பத்தோரு தலைன்னு, அந்த ஆபீஸ்காரரு அப்பவே உன் தோளையும் தட்டி எண்ணி எழுதிக்கினு போய்ட்டாரு தம்பி."