கேற்றைத் தட்டவும்

தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தங்கேஸ்வரியின் சாப்பாட்டு ஓடர் போனில் கிணுங்கினால் போதும், றிஸ்கானுக்குத் தலையிடி தொடங்கிவிடும்.

வீடு வீடாகச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. உப்புவெளியில் எந்த ஒழுங்கை எங்கே முட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ஆனால் கம்பனிக்கு அவன் கண்ணில் நம்பிக்கையில்லை, போன் வரைபடத்தில்தான் நம்பிக்கை. வாடிக்கையாளர் வரைபடத்தில் குத்திய இடத்துக்குப் போய், அங்கே நின்று அவருக்கு அழைப்பெடுத்தால்தான் வேலை முடிந்ததென்று அமத்துகிற பொத்தான் திறக்கும்.

தங்கேஸ்வரி குத்திய இடம் பிழை. அது அவர் வீட்டு வாசலில் இல்லை. வீட்டுக்குப் பின்னால், அடுத்த ஒழுங்கையில், இராசையா என்பவரின் வாசல் கேற்றடியில் இருந்தது. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஓடரிலும் ஒரு குறிப்பு வேறு: "கேற்றைத் தட்டவும்."

தட்டினால் இராசையா வருவார். எழுபது வயது, தனிக்கட்டை. சட்டைப் பொத்தானெல்லாம் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு வந்து நின்று ஏசத் தொடங்குவார்.

"உவவுக்கு வேலி எங்க இருக்கெண்டும் தெரியாது, வீடு எங்க இருக்கெண்டும் தெரியாது. மனுசர் நித்திரை கொள்ளுறேல்லையோ?"

வேலிக் கதை ஊரறிந்தது. இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கிற தகரவேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டது யார் என்று தொடங்கிய சண்டை பொலிஸ் வரைக்கும் போனது. பதினொரு வருசமாக இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சில்லை.

ஏச்சு நடக்கும்போதே போனில் தங்கேஸ்வரி கேட்பார். "வந்தவரோ? என்ன சொல்லுறார்?"

அதற்குப் பிறகுதான் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்கு வரச் சொல்லுவார். அந்தச் சுற்றில் பத்து நிமிடம் போகும், அடுத்த வீட்டுச் சாப்பாடு ஆறிப்போகும். பிந்தியதற்கு இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறைப்பாடு. மூன்றாவதும் வந்தால் கம்பனி அவனை நிற்பாட்டிவிடும். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

இடத்தைத் திருத்தித் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டான். தனக்கு உந்தப் போன் வேலையெல்லாம் ஏலாது, இருக்கட்டும் என்றுவிட்டார். பருப்பு வேண்டாம், மீன் பொரியல் இரண்டு துண்டு, சம்பல் தனியாக என்று அதே போனில் பிசகில்லாமல் ஓடர் போடுகிற மனுசிக்கு இது மட்டும் ஏலாதாம்.

றிஸ்கானுக்கு விளங்கிவிட்டது. நிலத்தில் முடியாத வேலிச் சண்டையை மனுசி வரைபடத்தில் நடத்துகிறார். அந்த வயதானவரின் மத்தியான நித்திரையைக் கெடுப்பதற்கு, கூலியில்லாத அடியாளாகத் தன்னை வைத்திருக்கிறார். நினைக்க நினைக்க அவனுக்குக் கொதித்தது.

அன்று பின்னேரமே, இடம் பிழை என்று கம்பனிக்கு அறிவித்து, சரியான வாசலைக் குத்தி அனுப்பினான். விடியவே அவர்கள் மாற்றிவிட்டார்கள்.

மத்தியானம் வரைபடம் அவனை நேரே தங்கேஸ்வரியின் வாசலில் கொண்டுவந்து விட்டது. பத்து நிமிடம் மிச்சம். நாட்டுக்கே நல்லது செய்தவன் மாதிரி ஹோர்ன் அடித்தான்.

தையல் மெசினை விட்டு எழும்பி வந்த தங்கேஸ்வரி பார்சலை வாங்கவில்லை. முகம் வெளிறிவிட்டது.

"அங்க போகேல்லையோ?"

"போகத் தேவையில்லை அக்கா. இடத்தைத் திருத்திப்போட்டன். அந்த ஐயா பாவம், இனியாவது நித்திரை கொள்ளட்டும்."

"பாவம்தான் தம்பி. போன வருசம் குசினியில வழுக்கி விழுந்து ரெண்டு நாள் கிடந்தவர். மீன்காரர் கண்டுதான் தூக்கினது. மெசின் சத்தத்தில, பின்வளவில இருந்த எனக்கே கேக்கேல்லை."

தங்கேஸ்வரியின் குரல் இறங்கியது.

"நான் எட்டிப் பாத்தா, சண்டைக்கு வாறா எண்டுவார். நீங்கள் தட்டினா ஏசுவார். போனில அந்த ஏச்சுக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். கெதியாப் போய்த் தட்டிப்போட்டு வாங்கோ."

றிஸ்கானுக்கு வெட்கமாகிவிட்டது. பார்சலோடேயே மோட்டார் சைக்கிளைத் திருப்பி, ஒழுங்கையைச் சுற்றி ஓடினான். மனுசன் இன்றைக்கென்று பார்த்து விழுந்து கிடந்தால் என்ற நினைப்பு அவனை விடவில்லை.

இராசையா விழவில்லை. கேற்றைத் திறந்து வைத்துவிட்டு, ஒழுங்கையில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானெல்லாம் பூட்டியிருந்தது. இன்றைக்கு ஏசவில்லை.

"நேரம் போயிட்டுது, உம்மைக் காணேல்லை," என்றார். பின்வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தம்பி, அவவுக்கு இண்டைக்கு என்ன, சுகமில்லையோ?"

சுகமாகத்தான் இருக்கிறா என்று றிஸ்கான் சொன்னான். பெட்டிக்குள் அடுத்த வீட்டுச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று விட்டு, அந்தக் கேற்றடியிலேயே நின்று கம்பனிக்கு இன்னொரு அறிவித்தல் அனுப்பினான்: நேற்றுத் திருத்தியது பிழை, பழைய இடமே சரி.