மூன்றாவது சரணம்

இரண்டாவது சரணம் முடிந்ததும் வாயை மூடிவிடுவது என்று மேடையேறும்போதே தீர்மானித்திருந்தாள்.

காலடியில் ஸ்பீக்கர். முதுகுக்குப் பின்னால், வாசிக்க ஆளில்லாத டிரம்ஸும் அதைச் சுற்றிய கண்ணாடித் தடுப்பும். வலது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், இந்தச் சபையின் போதகரான மாமனார், கண்களை மூடி இரு கைகளையும் உயர்த்தியபடி. ஏசிக்காகக் கதவுகளையெல்லாம் சாத்தியிருந்தார்கள்.

இறங்கிப் போக வழியில்லை. வழி இருந்தாலும், போதகர் வீட்டு மருமகள் பாட்டின் நடுவில் எங்கே போவது?

முதல் சரணம் தானாக ஓடியது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லில் கை உயர வேண்டும், எல்லாம் உடம்புக்கே தெரியும்.

உள்ளேதான் ஒன்றும் இல்லை. வெகுநாளாக இல்லை.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் யாரும் சாகவில்லை. எந்த ஜெபமும் பொய்த்துப்போகவில்லை. கடவுள் இல்லை என்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நிம்மதியாகப் பாடிவிட்டுப் போயிருப்பாள். அவர் இருக்கிறார், கேட்கிறார் என்பதுதான் வதை. அவர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, என் இதயம் முழுவதும் உமக்கே என்று வாரம் தவறாமல் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதுவும் அவளே எழுதிய பாட்டு.

மாமாவிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்.

"நீ பாடும்மா. வாய் பாடிட்டே இருந்தா மனசு பின்னாடியே வந்துடும்."

வரவில்லை.

சபைக்கோ அவள்தான் வேண்டும். போன வாரம் முன்வரிசையில் உட்காரும் சபை அத்தை ஒருத்தி படிக்கட்டில் வழிமறித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ தும்மினாக்கூட எனக்குக் கண்ணு கலங்குதுடி." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கணவனிடம் சொல்லவில்லை. கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து மைக்குகளைக் கவனித்துக்கொள்பவன் அவன். அதிகம் பேசாதவன். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவனை எதற்கு நிறுத்துவது? வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போன பிறகு, லேப்டாப்பிலிருந்து இசையைப் போட்டு ஒப்பேற்றுவதே அவனுக்குப் பெரும்பாடு.

இரண்டாவது சரணம் முடிந்தது.

வாயை மூடினாள்.

இனி வெறும் இசை மட்டும் ஓடும். ஒவ்வொருவராகக் கண்ணைத் திறப்பார்கள். மாமா திரும்பிப் பார்ப்பார். எல்லார் முன்னாலும் என்ன என்று கேட்பார். சொல்லிவிடலாம். ஒரு நாள் அவமானம். அதன் பிறகு பொய் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு நிற்கவில்லை.

அவளுடைய உதடுகள் ஒட்டிக் கிடக்க, அவளுடைய குரல் ஸ்பீக்கரிலிருந்து மூன்றாவது சரணத்தைப் பாடிக்கொண்டு போனது.

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை.

தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே ஒரு கணம் நினைத்தாள்.

பிறகு அந்த இடம் வந்தது. குரல் ஒரு சொல்லில் உடைந்து, விம்மி, மறுபடி சேர்ந்துகொண்டது. பாட்டை எழுதிய புதிதில், வீட்டு அறையில் வைத்துக் கணவன் அதைப் பதிவு செய்தபோது, நிஜமாகவே அழுதுவிட்ட இடம். அழித்துவிட்டு இன்னொரு தடவை பாடுகிறேன் என்றதற்கு அவன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

முன்வரிசை அத்தை கைக்குட்டையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

எத்தனை வாரங்களாக இப்படி நடக்கிறது? ஒரு மூச்சுகூட மாறாமல் பாடி வந்திருக்கிறாள். அந்த இடத்தில் விம்மக்கூடப் பழகியிருந்தாள். அதனால்தான் பதிவு எது, தான் எது என்று அவளுக்கே தெரியாமல் போயிருக்கிறது.

பாடாமல் இருந்துகூட இந்தப் பாட்டிலிருந்து வெளியே வர முடியாது.

கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள். அதில் என்ன சொன்னாலும் கூடத்துக்குக் கேட்கப்போவதில்லை. உதட்டருகே கொண்டுபோனாள்.

"ஆண்டவரே, எனக்குள்ள ஒண்ணுமே இல்ல. உங்க பேரைச் சொன்னாக்கூட அசைய மாட்டேங்குது. சும்மாதான் வந்து நிக்கிறேன். பாத்துக்குங்க."

அவளுடைய குரலே அவளை மூழ்கடித்துக்கொண்டு பாடியது. பக்கத்தில் நின்ற மாமாவின் கைகள் இன்னும் உயர்ந்தன.

கூடத்தின் கடைசியில் கணவன் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். கூடத்துக்கு மூடி வைத்த மைக்கில் பேசுவது, அந்த ஹெட்போனில் மட்டும் கேட்கும்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை குனிந்தான். உதடுகள் அசைந்தன.

ஆமென்.