பச்சைக் கோட்டுக்காரி கொடுத்த சாவி

"வாங்க சார்! போன வாரம் எல்லாம் மொட்டா இருந்துச்சு. இன்னிக்குப் பாருங்க, மொத்தமும் விரிஞ்சிடுச்சு!"

மலர்க் காட்சி வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த காவலாளி அவள் கணவரைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "போன வாரமா? நீங்க இங்க வந்திருந்தீங்களா?"

"வேற யாரையோ நினைச்சுக்கிட்டு சொல்றான். ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்க்கறான், பாவம்!" என்றார் அவர். சொல்லும்போதே காது மடல் சிவந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காதை அவளுக்குத் தெரியும். பொய் வந்தால்தான் சிவக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பிரஸ்ஸில் பைண்டிங் வேலை குவிந்து கிடக்கிறது என்று விடிவதற்குள் கிளம்பினார். இருட்டிய பிறகுதான் திரும்பினார். ஷூ முழுக்கச் செம்மண்.

"பிரஸ்ல ஏதுங்க இவ்வளவு மண்ணு?"

"வாசல்ல பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க."

அன்றைக்கு நம்பிவிட்டாள்.

மலர்க் காட்சிக்குப் போகலாம் வா வா என்று ஒரு மாசமாக நச்சரித்ததும் அவர்தான். ரெண்டு வருஷமாகத் தையல் மெஷினே கதி என்று கிடந்தவள், இன்றுதான் மனசில்லாமல் ரயில் ஏறியிருந்தாள். மூன்று மணி நேரப் பயணம்.

உள்ளே டேலியா பாத்தி பாத்தியாகப் பூத்துக் கிடந்தது. ஜனம் அதைவிட அதிகம்.

"இப்படி வா. இந்தப் பக்கம் கூட்டம் இருக்காது."

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

"சும்மா... ஒரு ஊகம்தான்."

அவர் பூவையே பார்க்கவில்லை. கண் யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி வீட்டுக்குப் பின்னால், பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். இவரைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீ இந்தப் பூவைப் பார்த்துட்டு இரு. ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

அவள் எந்தப் பூவைப் பார்த்தாள்! இலைகளுக்கு நடுவே அவர்களைத்தான் பார்த்தாள். இரண்டு பேரும் கிசுகிசுத்தார்கள். பச்சைக் கோட்டுக்காரி ஒரு தடவை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்தார்.

"என்ன சாவி அது?"

"எந்தச் சாவி?"

"சட்டைப் பையில இருக்கே, அந்தச் சாவி. எந்த வீட்டுது?"

"மெதுவா பேசும்மா. சுத்தி ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். பூ பார்க்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அவள் அவர் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். நேராகப் பச்சைக் கோட்டுக்காரி முன்னால் போய் நின்றாள்.

"இந்தா, உன் வீட்டுச் சாவி. நீயே வச்சுக்கோ."

அந்தப் பெண் பதறிப்போனாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயோ அக்கா! இது என் வீட்டுச் சாவி இல்ல. அதோ, அந்தக் கதவுது. எங்க ஸ்டாஃப் லேடீஸ் பாத்ரூம்."

"என்னது?"

"வெளியாளுங்களுக்கு கேட் பக்கத்துல ஒண்ணுதான் இருக்கு. ஒரு மணி நேரம் கியூல நிக்கணும். போன ஞாயித்துக்கிழமை சார் அந்தக் கியூவைப் பார்த்துட்டு தோட்டம் முழுக்க அலைஞ்சார். கடைசில என்கிட்ட வந்து, 'ஆபரேஷனுக்கு அப்புறம் என் சம்சாரத்தால அடக்க முடியல. அதுக்குப் பயந்தே எங்கயும் வர்றதில்ல. என்கிட்டகூட சொன்னதில்ல, நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா கூசிப்போயிடுவா'ன்னாரு. எங்க சூப்பர்வைசர்கிட்ட பர்மிஷன் வாங்க சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாரு அக்கா."

நீட்டிய சாவியை அவள் தன் கைக்குள்ளேயே மூடிக்கொண்டாள். ரெண்டு வருஷமாக எத்தனை சாக்கு! அவசரத் தையல், தலைவலி, யாரோ துணி வாங்க வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் "சரி, பரவாயில்ல" என்று தலையாட்டியவர், நாலடி தள்ளித் தப்புச் செய்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அவரிடம் போனாள்.

"நான் வாயைத் திறந்து சொன்னதே இல்லையே... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் டேலியாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வெளியில கிளம்பற அன்னிக்கு மட்டும், நீ காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டியே."