தொத்தாது என்று ஒரு சீட்டு

"இந்தப் படைக்கு டாக்டர் சீட்டு இல்லாம இனிமே தண்ணியில இறங்கக்கூடாது சார்," என்றார் நீச்சல் குளக் காவலாளி.

கணக்கு வாத்தியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் அங்கே நீந்துகிறவர். இடுப்புக்கு மேலே ரெண்டு சிவந்த படை வந்து மூணு வருஷமாகிறது. களிம்பு போட்டால் மங்கும், விட்டால் திரும்பும். அதைப் போய் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுகிறாரே.

"வெறும் படைதாம்ப்பா. யாருக்கும் தொத்தாது."

"அதை டாக்டர் எழுதித் தரட்டும்."

அந்த ரோஷத்தில்தான் அன்றைக்கே தோல் மருத்துவரிடம் போனார். அங்கே துளி சதையை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து வாத்தியார் சீட்டை நீட்டினார். "படிச்சுப் பாருப்பா. தொத்தாதுன்னு எழுதியிருக்கு."

"கட்டைவிரலை எடுங்க சார். அடியில என்ன?"

வாத்தியார் குரல் இறங்கியது. "ரத்த வெள்ளணுவுல வர்ற அபூர்வமான புற்றுநோயாம். முதல்ல தோல்லதான் தலைகாட்டுமாம். ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, கட்டுப்படுத்திடலாம்னாங்க."

காவலாளி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தொத்தாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார். என் தம்பி முதுகுலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டுடான்னு கெஞ்சினேன். 'பார்க்கலாம்ணே'ன்னு சொல்லிச் சொல்லியே நாலு வருஷம் களிம்பு தடவினான்."

"இப்ப எப்படி இருக்கான்?"

காவலாளி சீட்டை மடித்து அவர் கையிலேயே வைத்தார்.

"அதனாலதான் சார் உங்ககிட்ட கெஞ்சலை."